இதயத்தில் அமிலாய்டோசிஸ் உள்ள அப்பா நடைப்பயிற்சி போகலாமா?

தம்பி, உங்கள் அப்பாவுக்கு 68 வயது, இதயத்தில் ஏ.டி.டி.ஆர். அமிலாய்டோசிஸ் (ஒரு வகைப் புரதம் உறுப்புகளில் படிந்துபோகிற நோய்) என்று இப்போதுதான் கண்டுபிடித்திருக்கிறார்கள், பாளையங்கோட்டை வ.உ.சி. மைதானத்தில் தினமும் வேகநடை போனவரை இனி வீட்டிலேயே உட்கார வைத்துவிட வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். டாக்டர் சரி என்று சொல்லிவிட்டால் நடக்கட்டும். ஆனால் அந்தப் பழைய வேகம் இனி கூடாது.

எனக்கும் அமிலாய்டோசிஸ்தான், ஆனால் ஏ.எல். வகை. எலும்பு மஜ்ஜையில் கெட்டுப்போன செல்கள் செய்கிற புரதம் உறுப்புகளில் படிவது. உங்கள் அப்பாவுக்குப் படிவது கல்லீரலில் உண்டாகிற புரதம். மருந்துகள் வேறு வேறு. ஆனால் இதயத்தில் படிந்துவிட்டால், உடற்பயிற்சியைப் பொறுத்தவரை ரெண்டு பேரும் கவனிக்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்.

இதயச் சுவர் தடித்து விறைத்துவிடுகிறது. விரிந்து ரத்தத்தை வாங்க முடியாததால் ஒரு துடிப்புக்கு இவ்வளவுதான் என்று ஒரு அளவுக்குள் நின்றுவிடும். நல்ல இதயம் ஓடும்போது துடிப்புக்குத் துடிப்பு கூடுதல் ரத்தம் தள்ளும். விறைத்துப்போன இதயத்தால் அது முடியாது. துடிப்பின் வேகத்தைக் கூட்டித்தான் சமாளிக்கும். அந்தத் துடிப்பைக் கடத்துகிற பாதையும் கெட்டிருந்தாலோ, துடிப்பு தாறுமாறாக இருந்தாலோ அந்த வழியும் அடைபட்டுப் போகும். அதனால் துடிப்பு அதிகபட்சம் இவ்வளவு போகலாம் என்று 220-லிருந்து வயதைக் கழித்து, கையில் கட்டிய வாட்சைப் பார்த்து நடக்கிற கணக்கெல்லாம் அப்பாவுக்கு ஒத்துவராது. நடந்துகொண்டே முழு வாக்கியமாகப் பேச முடிய வேண்டும். ரெண்டு வார்த்தைக்கு ஒரு மூச்சு வாங்கினால் வேகம் அதிகம். நான் இதை மட்டும்தான் அளவாக வைத்திருக்கிறேன்.

நடையைவிட எனக்குப் பயம் எழுந்திருப்பதிலும் நடையைச் சட்டென்று நிறுத்துவதிலும்தான். அமிலாய்டு என்கிற இந்தப் படிவு, பி.பி. மாதிரி விஷயங்களை நம்மை அறியாமலே கவனித்துக்கொள்கிற தன்னிச்சை நரம்புகளிலும் படியக்கூடும். அப்படிப் படிந்தால் படுத்திருந்து எழும்போது பி.பி. இறங்கிவிடும். கண் இருட்டிக்கொண்டு வரும், தலை கிறுகிறுக்கும். நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்கு இன்னும் கூடுதல். அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, அஞ்சு நிமிஷம் படுக்க வைத்து ஒரு முறை, நின்ற பிறகு முதல் நிமிஷத்திலும் மூன்றாவது நிமிஷத்திலும் பி.பி. பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் அளவு 20 குறைந்தால் அது கவனிக்க வேண்டிய விஷயம். கூடவே ஆறு நிமிட நடைச் சோதனையும் செய்யச் சொல்லுங்கள். எங்கிருந்து தொடங்கலாம் என்பது அதில் தெரிந்துவிடும்.

காலையில் கண் விழித்ததும் கிளம்பக் கூடாது. கட்டிலிலேயே பாதத்தை மேலும் கீழும் அசைத்து, காலைத் தொங்கப்போட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து, காப்பி குடித்துவிட்டுப் போகட்டும். முதல் சில நிமிஷம் மெதுவாக, முடிக்கும்போதும் அதே மாதிரி மெதுவாக. நடையை நிறுத்தியதும் அசையாமல் நின்று பேசினால் ரத்தம் காலிலேயே தங்கிக் கிறக்கம் வரும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் வேண்டாம், அப்போதும் பி.பி. இறங்கும்.

நம்ம ஊர் வெயிலைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பங்குனி, சித்திரையில் ஏழரை மணிக்கே சுள்ளென்று அடிக்கும். சூட்டில் தோலின் ரத்தக்குழாய்கள் விரிந்து பி.பி. இன்னும் இறங்கும். அந்த மாதங்களில் வீட்டு வராந்தாவே போதும். வெயிலில் நடந்தால் நிறையத் தண்ணீர் குடியுங்கள் என்று யாராவது சொல்வார்கள். அப்பாவுக்குத் தண்ணீரிலும் உப்பிலும் டாக்டர் சொன்ன அளவுதான்.

கால் மரத்துப் போகிறதா என்றும் அப்பாவிடம் கேளுங்கள். எனக்கு நோயும், அதற்காகப் போட்ட போர்ட்டிசோமிப் ஊசியும் சேர்ந்து உள்ளங்காலில் உணர்ச்சியைக் குறைத்துவிட்டன. நெல்லையப்பர் கோயில் உள்பிரகாரம் நடக்க அருமையான இடம், நிழல், சமதளம், உட்காரத் திண்ணை. ஆனால் வெளியே வெயில் காய்ந்த கல்லில் வெறுங்காலோடு நடந்தால் கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வீட்டுக்கு வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்க்கிற பழக்கம் வேண்டும்.

நடையோடு நாற்காலியில் உட்கார்ந்து எழுகிற பயிற்சியும் சேர்த்துக்கொள்ளட்டும். டெக்ஸாமெதாசோன் என்கிற ஸ்டீராய்டு மருந்து என் தொடைத் தசையை ரொம்பவே கரைத்துவிட்டது. பேருந்துப் படி ஏற முடியாமல் இருந்த எனக்கு அந்தப் பலத்தைத் திருப்பிக் கொடுத்தது இதுதான். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். மூச்சைப் பிடித்து முக்குகிற எந்த வேலையும் கூடாது: கேஸ் சிலிண்டர் நகர்த்துவது, நிறைகுடம் தூக்குவது, மலச்சிக்கலில் முக்குவது எல்லாம் இதில் சேர்த்தி. மேலும் ஏ.டி.டி.ஆர். வகையில் மணிக்கட்டு நரம்பு நெருக்கமும், புஜத்துத் தசைநாண் அறுந்து போவதும் உண்டு. தம்புள்ஸ் தூக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

பயிற்சியால் படிந்த புரதம் கரையாது, அது மருந்தின் வேலை. ஆனால் சும்மா படுங்க, சும்மா படுங்க என்று பாசத்தில் படுக்க வைத்தே தசையெல்லாம் வற்றி, அப்புறம் குளியலறைக்குப் போகவே ஆள் தேவைப்படுகிற நிலைக்கு ஆளாக்கிவிடாதீர்கள்.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு எடை பாருங்கள். மூன்று நாளில் ரெண்டு கிலோ ஏறினாலோ, கணுக்கால் வீங்கினாலோ, இரவில் தலையணையை உயர்த்தினால்தான் தூக்கம் என்றாலோ அன்றைக்கு நடை கிடையாது, டாக்டருக்குப் போன் பண்ணுங்கள். நெஞ்சு வலி, படபடப்பு, கண் இருட்டல் வந்தால் அந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும்.

தனியாக அனுப்பாதீர்கள். கூட நடக்கிற அண்ணாச்சிமாரிடம் நோயைப் பற்றிச் சொல்லி வையுங்கள். மயங்கினால் தூக்கி நாற்காலியில் உட்கார வைக்கக் கூடாது, வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றவும் கூடாது. தரையில் படுக்க வைத்துக் காலை உயர்த்திப் பிடிக்கட்டும். நினைவிருந்து மூச்சுத் திணறினால் மட்டும் சாய்ந்து உட்காரட்டும். 108-ஐ அழைக்கும்போது நோயின் பெயரையும், ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்ல வேண்டும். ரெண்டையும் ஒரு தாளில் எழுதி அப்பாவின் சட்டைப் பையில் வைத்துவிடுங்கள்.