ஆறாவது லேன் – கடிதம்

அன்புள்ள ஐயா,

சிட்னியில் மகளின் பள்ளி நீச்சல் போட்டிக்கு டைம்கீப்பராகப் போனேன். 50 மீட்டர் குளம், ஆறாவது லேனுக்கு நாங்கள் மூன்று பேர். ஒரு பையனுக்கு மற்ற இருவரும் 41.20, 41.26 என்றார்கள். என் ஸ்டாப்வாட்சில் 41.71. வெட்கமாக இருந்ததால் நானும் 41.26 என்றே சொல்லிவிட்டேன். ஒரு நாள் விடுப்பு போட்டு இதற்குப் போகவேண்டுமா என்கிறார் மனைவி. மகள் நீந்தும் லேனில் நிற்கலாமா? அடுத்த வருடமும் போகட்டுமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

விடுப்பு விஷயத்தை வீட்டிலேயே பேசிக்கொள்ளுங்கள். மகளின் லேன் வேண்டாம், கேட்டால் மாற்றித் தருவார்கள்.

என்னை எழுத வைத்தது அந்த 41.26. எதற்காக மூன்று பேரை நிறுத்துகிறார்கள்? மூன்று எண்ணும் வேறுவேறாக வந்தால் நடுவில் இருப்பதை எடுப்பார்கள். 41.71 என்றே நீங்கள் சொல்லியிருந்தாலும் அந்தப் பையனுக்கு 41.26தான் பதிவாகியிருக்கும். உங்கள் பிழையைத் தாங்கத்தான் பக்கத்தில் இரண்டு பேர் நிற்கிறார்கள். அவர்களிடம் போய் வெட்கப்பட்டிருக்கிறீர்கள்!

பிழை உங்களுடையதுதான் என்று யார் சொன்னது? புறப்படும் இடம் உங்களிடமிருந்து 50 மீட்டர் தள்ளி. சத்தம் வந்துசேர 0.15 விநாடி ஆகும். அதனால்தான் ஸ்டார்ட்டரின் விளக்கைப் பார்த்து அழுத்தச் சொல்கிறார்கள். நீங்கள் விளக்கையும் அவர்கள் சத்தத்தையும் நம்பியிருந்தால், அந்த வித்தியாசத்தில் ஒரு பங்கு உங்கள் பக்க நியாயம். அதையும் சேர்த்து அழித்துவிட்டீர்கள்.

1960 ரோம் ஒலிம்பிக்ஸ், ஆண்கள் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைல். உங்கள் சிட்னிக்காரர் ஜான் டெவிட்டுக்கு மூன்று வாட்சிலும் 55.2. அமெரிக்கர் லான்ஸ் லார்சனுக்கு 55.0, 55.1, 55.1. கண்ணால் பார்த்த நடுவர்கள் இரண்டாகப் பிரிய, தலைமை நடுவர் டெவிட் என்றார். தங்கம் அவருக்குப் போனது. சரி, மனிதக் கண் ஏமாறும். ஆனால் லார்சனின் நேரத்தையும் 55.2 என்று திருத்தினார்கள். மூன்று பேர் கையில் இருந்த எண்ணை மாற்றியதை என்னால் இன்றும் பொறுக்கமுடியவில்லை.

உங்களைத் திட்ட எனக்குத் தகுதி உண்டா என்றால், இல்லை. 2014இல் மகன் வீட்டில் தங்கியிருந்தபோது, பேரனின் பள்ளியில் ஆள் போதவில்லை என்று என் கையிலும் ஒரு வாட்சைக் கொடுத்தார்கள். எங்கள் லேனுக்கு இரண்டே பேர். துண்டைப் போர்த்திக்கொண்டு நடுங்கிய பேரனைப் பார்த்துக்கொண்டிருந்ததில் விளக்கைத் தவறவிட்டேன். வாட்ச் ஓடவேயில்லை. கையைத் தூக்கியிருந்தால் தலைமை டைம்கீப்பர் தன்னிடம் ஓடிக்கொண்டிருந்த உபரி வாட்சைத் தந்திருப்பார். தூக்கவில்லை.

நடுவில் இரண்டு தடவை கயிற்றைப் பிடித்து மூச்சு வாங்கி, எல்லோருக்கும் கடைசியாக ஒரு சிறுமி வந்து சுவரைத் தொட்டாள். பக்கத்து அம்மா 1:12.40 என்றார். நான் 1:12.50 என்றேன். இரண்டு பேர் என்றால் சராசரி, 1:12.45. அந்தப் பெண் தண்ணீரில் நின்றபடியே என்னிடம் நேரம் கேட்டாள். சொன்னேன். மறந்துவிடக்கூடாது என்று அதை முணுமுணுத்துக்கொண்டே, ஈரக் காலோடு அவள் அம்மாவிடம் ஓடினாள்.

அடுத்த வருடம் போங்கள், ஆர். வாட்ச் ஓடாவிட்டால் கையைத் தூக்குங்கள். 41.71 என்றால் 41.71 என்று சொல்லுங்கள்.