தத்துப் பிள்ளை, வளர்ப்புப் பிள்ளை, சபை: அக்காவிடம் கேட்டவை

தத்தெடுத்தவர்களும் தத்தெடுக்க நினைப்பவர்களும் கூடிய குடும்ப ஐக்கியத்தில் சீட்டில் எழுதிக் கொடுத்த கேள்விகள் இவை. பதில் சொல்பவர் இரண்டு பிள்ளைகளைத் தத்தெடுத்து வளர்த்தவர், தத்துவள மையம் (பிள்ளைகளைப் பராமரித்துச் சட்டப்படி தத்துக் கொடுக்கும் நிலையம்) ஒன்றில் பல ஆண்டுகள் ஆலோசகராக இருந்தவர். எல்லோரும் அவரை அக்கா என்றே கூப்பிடுவதால் இங்கும் அக்காதான்.

கல்யாணமாகி ஒன்பது வருஷம். கன்வென்ஷனில் ஒரு ஊழியக்காரர் தலையில் கைவைத்து ஜெபித்து, "அடுத்த வருஷம் கையில் பிள்ளையோடு சாட்சி சொல்லுவாய்" என்றார். இப்போது தத்தெடுக்கப் பதிவு செய்தால் அது அவிசுவாசம் என்கிறார் என் அத்தை. எனக்கும் பயமாக இருக்கிறது.

பயப்படாதேம்மா. அந்த வார்த்தையைச் சொன்னவர் அடுத்த ஊர் மேடைக்குப் போய்விட்டார். மாதாமாதம் அழுகிறவள் நீதானே. "பத்துக் குமாரரைப்பார்க்கிலும் நான் உனக்கு அதிகமல்லவா" என்று கணவன் எல்க்கானா கேட்ட பிறகும், பிள்ளையில்லாத அன்னாள் அழுதாள். அதற்காக வேதம் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. பதிவு செய்துவிட்டும் ஜெபிக்கலாம், ஜெபித்துக்கொண்டும் பதிவு செய்யலாம். ஆரோக்கியமான கைக்குழந்தை வேண்டும் என்றால் காத்திருப்பே மூன்று வருஷத்துக்கு மேல் போகிறது. அத்தை மனம் மாறட்டும் என்று பதிவைத் தள்ளிப்போடாதே.

ஆனால் உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். பிள்ளை பெறாத துக்கத்தை நீயும் உன் வீட்டுக்காரரும் சேர்ந்து உட்கார்ந்து அழுதீர்களா? "ஒன்றை எடுத்தால் பின்னாலேயே சொந்தமாக ஒன்று பிறக்கும்" என்று ஆறுதல் சொல்வார்கள். அந்தக் கணக்கில் ஒரு பிள்ளையைக் கொண்டுவந்துவிடாதே. வருகிற பிள்ளை உன் ஜெபத்துக்குப் பதில் என்று நீ தாராளமாக ஸ்தோத்திரம் பண்ணலாம். பிள்ளைக்கோ அது, பெற்றவளை இழந்த பிறகு வந்து சேர்ந்த வீடு. உன் சந்தோஷமும் அதன் இழப்பும் ஒரே கூரையின் கீழ் இருக்கும். இரண்டுக்கும் இடம் கொடுக்க முடியும் என்று தோன்றினால் போய்ப் பதிவு செய்.

தெரிந்த நர்ஸ் ஒருவர், "ஒரு பெண் பிள்ளையைக் கொடுக்கத் தயாராக இருக்கிறாள், பத்திரத்தில் எழுதிக்கொள்ளலாம்" என்கிறார். கர்த்தர் திறந்த வாசல் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கூடாது. ஸ்டாம்ப் பேப்பரில் எழுதி வாங்குவது தத்தெடுப்பே ஆகாது. இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 80-ன்படி அது மூன்று வருஷம் வரை சிறைக்கான குற்றம். கை மாறியது பணம் என்றால் பிரிவு 81, ஐந்து வருஷம் வரை கடுங்காவல். பிறகு அதிகாரிகள் வந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு போவார்கள். அது உங்களை அம்மா என்று கூப்பிடக் கற்றுக்கொண்ட பிறகு போவார்கள்.

உண்மையிலேயே வளர்க்க முடியாமல் தவிக்கும் பெண் என்றால் அவளைக் குழந்தைகள் நலக் குழுவிடம் கூட்டிப்போங்கள். அங்கே ஒப்படைத்த பிறகும் மனம் மாறித் திரும்ப வாங்கிக்கொள்ள அவளுக்கு 60 நாள் அவகாசம் இருக்கிறது. பத்திரம் எழுதுகிறவர்கள் அவளுக்கு அந்த 60 நாளைக் கொடுப்பதில்லை. அவளும் கர்த்தருடைய பிள்ளைதானே.

நேர்வழி ஒன்றுதான்: காராவின் (மத்திய அரசின் தத்தெடுப்பு வள ஆணையம்) இணையதளத்தில் பதிவு, சமூகப்பணியாளர் வீட்டுக்கு வந்து எழுதும் அறிக்கை, வரிசைப்படி பிள்ளை. கடைசி உத்தரவு 2022 செப்டம்பரிலிருந்து கலெக்டர் கையில். கட்டணம் சட்டத்தில் நிர்ணயித்தது மட்டும்தான். ரசீதில்லாமல் "டொனேஷன்" என்று யாராவது வாய் திறந்தால் எழுந்து வந்துவிடுங்கள்.

எனக்கு வயது 38, கல்யாணம் ஆகவில்லை, டீச்சர் வேலை. "தகப்பன் இல்லாத வீட்டில் பிள்ளையா?" என்று சபையில் மூப்பர் ஒருவர் கேட்டார்.

மொர்தெகாய்க்கு மனைவி இருந்ததாக வேதத்தில் ஒரு வரி கிடையாது. தாய்தகப்பனில்லாத எஸ்தரை அவர்தான் வளர்த்தார். நம்ம திருநெல்வேலிச் சீமையில், டோனாவூரில், 1901 முதல் மிஷனரி எமி கார்மைக்கேல் அம்மையார் வளர்த்த பிள்ளைகள் எத்தனை! 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர் 1951-ல் இறக்கும்வரை கல்யாணம் செய்யவில்லை, ஊருக்கும் திரும்பவில்லை. அத்தனை பிள்ளைகளும் அவரை அம்மா என்றே கூப்பிட்டார்கள். மூப்பரிடம் இதைச் சொல், கேட்டுக்கொள்வார்.

சட்டம் உனக்குத் தடை இல்லை. தனிப் பெண் ஆண் பிள்ளையையும் எடுக்கலாம், பெண் பிள்ளையையும் எடுக்கலாம். தனி ஆணுக்குத்தான் பெண் பிள்ளை கொடுக்க மாட்டார்கள். வயதைக் கவனி: இரண்டு வயதுக்குள் பிள்ளை வேண்டுமானால் உனக்கு 40 தாண்டியிருக்கக் கூடாது, நான்கு வயது வரை 45, எட்டு வரை 50, அதற்கு மேல் 55. உனக்கு ஏதாவது ஆனால் பிள்ளையைப் பார்த்துக்கொள்வேன் என்று உறவினர் ஒருவர் எழுதிக் கொடுக்கவும் வேண்டும். அது யார் என்பதை முதலில் யோசி. மூப்பரின் கேள்வியைவிட அதுதான் கஷ்டமான கேள்வி.

எங்கள் மகள் வந்து ஒரு வருஷம் ஆகிறது. வீட்டுக்கு ஜெபிக்க வந்த சகோதரர் ஒருவர், "யார் பெற்றதோ, அந்த வம்சத்தின் சாபம் பிள்ளைமேல் இருக்கும், கட்டுகளை உடைக்க வேண்டும்" என்று அவள் தலையைப் பிடித்துச் சத்தமாக ஜெபித்தார். பிள்ளை மிரண்டுபோனாள். நாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா?

செய்ய வேண்டும். அந்த சகோதரரை இனி வீட்டுக்குள் விடாதீர்கள்.

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த உபதேசம் தத்துப் பிள்ளைகள்மேல்தான் அதிகமாக விழுகிறது. அவர்கள் காட்டுவது யாத்திராகமம் 20, "மூன்றாம் நான்காம் தலைமுறைமட்டும்" என்ற வசனம். அங்கே யாரைக் குறித்து என்று எழுதியிருக்கிறது? "என்னைப் பகைக்கிறவர்களைக்குறித்து." அடுத்த வசனத்திலேயே ஆயிரம் தலைமுறைக்கு இரக்கம் வருகிறது, அதைப் படிக்காமல் பைபிளை மூடிவிடுவார்கள். எசேக்கியேல் காலத்திலும் இதே பேச்சு இருந்தது. "பிதாக்கள் திராட்சக்காய்களைத் தின்றார்கள், பிள்ளைகளின் பற்கள் கூசிப்போயின" என்று பழமொழியே வைத்திருந்தார்கள். இனி அந்தப் பழமொழியைச் சொல்லக் கூடாது என்று கர்த்தர் ஆணையிட்டுச் சொன்னார். "குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதுமில்லை." பதினெட்டாம் அதிகாரம் முழுவதையும் நீங்கள் இருவரும் சத்தமாக வாசியுங்கள், உங்களுக்காக.

பிள்ளையைப் பெற்றவள் யார், என்ன சூழ்நிலை என்று நமக்குத் தெரியாத இடத்தில் பாவம் என்று எழுதி நிரப்புகிற பழக்கம் நம் சபைகளில் இருக்கிறது. வறுமையாக இருந்திருக்கலாம். மரணமாக இருந்திருக்கலாம். மூன்றாவதும் பெண் என்று மாமியார் வீடு துரத்தியிருக்கலாம். 1992-ல் சேலத்தில், பெண் பிள்ளையைக் கொல்லாமல் விட்டுப்போக அரசு தொட்டில் வைக்க வேண்டிவந்தது எதனால் என்று நினைக்கிறீர்கள்? இரவில் தொட்டிலில் பிள்ளையை விட்டுப் போனவள் அதை உயிரோடு விட்டுப் போனாள். அவளைப் பற்றிப் பிள்ளையின் காதுபட மரியாதையாகப் பேசுங்கள்.

சொந்தக்காரர்கள் "என்ன ஆளுக பிள்ளை?" என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

"எங்க ஆளுக பிள்ளை" என்று சொல்லுங்கள். திரும்பக் கேட்டால் மத்தேயு முதல் அதிகாரத்தைக் காட்டுங்கள். தாவீதின் குமாரன் என்று எழுதிவரும் அந்த வம்ச அட்டவணை கடைசியில் யோசேப்பில் வந்து நிற்கிறது. யோசேப்பு பெற்ற தகப்பன் இல்லை.

1997-ல் கோர்ட்டில் பாதுகாவலர் உத்தரவு வாங்கித்தான் எங்கள் மகனை எடுத்தோம். இப்போது என் தம்பி, "அவன் சட்டப்படி வாரிசு இல்லை" என்கிறான். (கேட்டவர் 71 வயதுப் பெரியவர்)

ஐயா, உங்கள் தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது, அதனால்தான் அவசரம். 1956-ம் வருஷத்துத் தத்துச் சட்டம் இந்துக்கள், பௌத்தர், சமணர், சீக்கியருக்கு மட்டும். நம்மைப் போன்றவர்களுக்கு அப்போது 1890-ம் வருஷத்துப் பாதுகாவலர் சட்டம்தான் வழி. பிள்ளை மேஜரானதும் அந்த உறவு காகிதத்தில் முடிந்துவிடும். 2000-ம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டமும் 2006-ல் அதில் செய்த திருத்தமும் வந்த பிறகே எந்த மதத்தவரும் முழுத் தத்து எடுக்க வழி தெளிவானது. 2014-ல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதி செய்தது.

நீங்கள் செய்ய வேண்டியது உயில். இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி நீங்கள் சம்பாதித்ததை யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். மகன் பெயரைத் தெளிவாகக் குறிப்பிட்டு, இரண்டு சாட்சிகளோடு எழுதி, பதிவு செய்யுங்கள். பூர்வீகச் சொத்து கலந்திருந்தால் வக்கீலைப் பாருங்கள். இந்த மாதமே செய்யுங்கள், ஐயா.

நான்கு வயது மகனுக்கு எப்போது சொல்வது? போன ஞாயிறு ஆயர் பிரசங்கத்தில் எங்களைக் காட்டி, "அநாதைப் பிள்ளைக்கு வாழ்வு கொடுத்த குடும்பம்" என்று சொல்லிவிட்டார்.

இப்போதே சொல்லுங்கள். குளிப்பாட்டும்போது, தூங்கவைக்கும்போது, சாதாரணமாக. "நீ வேற ஒரு அம்மா வயித்துல இருந்த, அப்புறம் நாங்க வந்து உன்னைக் கூட்டிட்டு வந்தோம்." நான்கு வயதுக்கு இது போதும். மோசேயின் கதையைச் சேர்த்துச் சொல்லலாம், பெற்ற அம்மா, வளர்த்த அம்மா இரண்டு பேரும் அதில் இருக்கிறார்கள். பத்து வயதில் கல்யாண வீட்டில் யாரோ வாய் தவறிச் சொல்லி அவன் தெரிந்துகொண்டால், நீங்கள் சொன்ன எல்லாவற்றையும் அவன் சந்தேகப்படுவான்.

ஆயரிடம் நேரில் போய்ப் பேசுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். பிள்ளையின் கதை பிள்ளையுடையது. எங்கே கிடைத்தான், எப்படி வந்தான் என்பதெல்லாம் அவன் பெரியவனாகி விருப்பப்பட்டால் சொல்ல வேண்டியவை. ஞாயிறு பள்ளியில் பக்கத்தில் உட்காரும் பையன் "உன்னைக் குப்பைத் தொட்டியிலயா எடுத்தாங்க?" என்று கேட்பது இப்படித்தான் ஆரம்பிக்கிறது. நாம் அவனுக்கு வாழ்வு கொடுத்தோம் என்று மேடையில் சொல்லச் சொல்ல, அவன் ஆயுசுக்கும் நன்றிக்கடன் பட்டவனாக நிற்க வேண்டிவரும். பெற்ற பிள்ளையிடம் யாரும் அதை எதிர்பார்ப்பதில்லையே.

எட்டு வயதில் எங்களிடம் வந்தாள். தலையணைக்கு அடியில் சப்பாத்தியை ஒளித்து வைக்கிறாள், பொய் சொல்கிறாள், என்னை அம்மா என்று கூப்பிடுவதில்லை. எனக்கும் அவள்மேல் பாசம் வரவில்லை. நான் விசுவாசியே இல்லையோ என்று தோன்றுகிறது.

எழுதிக் கொடுத்தாயே, அதுவே பெரிது.

சப்பாத்தி திருட்டு இல்லை. நாளைக்குச் சாப்பாடு உண்டு என்று அவள் உடம்பு இன்னும் நம்பவில்லை. ஒரு டப்பா வாங்கி அவள் பெயர் எழுதி, பிஸ்கட்டும் கடலைமிட்டாயும் போட்டு அவள் கட்டிலருகே வை. எப்போது வேண்டுமானாலும் எடுக்கலாம், கேட்க வேண்டாம் என்று சொல். தீரத் தீர நிரப்பு. சும்மா இருப்பதைவிட இது சீக்கிரம் வேலை செய்யும். "பிரம்பைக் கையாடாதவன் தன் மகனைப் பகைக்கிறான்" என்று யாராவது வசனம் கொண்டுவருவார்கள். அடி வாங்கியே வளர்ந்த பிள்ளையிடம் உன் கை எழுந்தால், எல்லா வீடும் ஒன்றுதான் என்று முடிவு கட்டிவிடுவாள். பொய்க்கும் அப்படித்தான். "உண்மையைச் சொல்" என்று மடக்காதே. "கண்ணாடி உடைஞ்சிருக்கு, வா, சேர்ந்து கூட்டுவோம்" என்று ஆரம்பி.

அம்மா என்று கூப்பிடச் சொல்லிக் கேட்காதே. ஆன்ட்டி என்கிறாளா? சரி என்று இரு.

பாசம் வரவில்லை என்கிறாய். வராமல் இருப்பது பாவம் இல்லை. பெரிய பிள்ளையோடு அது வேலைக்குப் பின்னால்தான் வரும்: சமைத்துப்போட்டு, தலை பின்னிவிட்டு, காய்ச்சலுக்கு முழித்திருந்து. வேலையை நீ செய்துகொண்டுதான் இருக்கிறாய். ஆனால் தூக்கமே இல்லை, எதிலும் நாட்டமில்லை, ஓடிப்போய்விடலாம் போலிருக்கிறது என்றால் மனநல மருத்துவரைப் பார். பெற்றவளுக்கு வருவது போலவே எடுத்தவளுக்கும் மனச்சோர்வு வருவதுண்டு. உபவாசம் இருந்தால் போய்விடும் என்று சொல்கிறவர்களிடம், நீங்கள் வந்து சனிக்கிழமை ரெண்டு மணிநேரம் பிள்ளையைப் பாருங்கள், நான் தூங்குகிறேன் என்று சொல். தத்துவள மையத்துக்கும் போன் போடு. இரண்டு வருஷம் ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து பார்ப்பது அவர்கள் கடமை. குறை கண்டுபிடிக்க வருகிறார்கள் என்று வீட்டைத் துடைத்துவைத்துச் சிரித்து அனுப்பாதே, உள்ளதைச் சொல்.

வளர்ப்புப் பராமரிப்பில் ஒரு பையன் எங்களோடு இருக்கிறான், ஏழு வயது. அவன் அம்மா சுகமாகிவிட்டார், திரும்பக் கூட்டிப்போவார் போலிருக்கிறது. அதற்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிடலாமா?

வேண்டாம் பிரதர். தத்து வேறு, வளர்ப்புப் பராமரிப்பு வேறு. இது சொந்த வீட்டில் இருக்க முடியாத பிள்ளையைக் கொஞ்ச காலம் பார்த்துக்கொள்வது. அவன் மதம், பெயர், பழக்கம் எல்லாம் அவன் வீட்டோடு சேர்ந்தது. அவன் அம்மா ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது நாம் அதை மாற்றினால், அவருக்கு நாம் செய்தது உதவியே இல்லை. அவன் கூடவே ஜெபத்தில் உட்கார்ந்தால் உட்காரட்டும், கட்டாயப்படுத்தாதீர்கள். அவன் அம்மாவுக்காக அவன் பெயர் சொல்லி ஜெபியுங்கள், அது அவனுக்குக் கேட்கட்டும்.

திரும்பிப் போகத் தகப்பனோ தாயோ இல்லாத பிள்ளை என்றால் கதை வேறு. 2024-ம் வருஷத்து வழிகாட்டுதல்படி இரண்டு வருஷம் வளர்த்தவர்கள் அந்தப் பிள்ளையைத் தத்தெடுக்க விண்ணப்பிக்கலாம். முன்பு அது ஐந்து வருஷமாக இருந்தது. உங்கள் பையனுக்கு அம்மா இருக்கிறார்.

பிரிவது வலிக்கத்தான் செய்யும். மோசேயைப் பெற்ற யோகெபேத் தன் பிள்ளையையே வளர்த்து, கொண்டுபோய் அரண்மனையில் விட்டாள். அந்த இரவு அவள் வீட்டில் என்ன நடந்தது என்று வேதம் எழுதவில்லை. அவன் போட்டோக்களை ஒரு ஆல்பமாகப் போட்டு, பிடித்த சாப்பாட்டை எழுதி, அம்மா கையில் கொடுத்தனுப்புங்கள். சபையில் "நல்ல காரியம் செய்தீர்கள்" என்று கைகுலுக்குகிறவர்களைவிட, அந்த வாரம் குழம்பு வைத்துக் கொண்டுவருகிறவர்கள் யார் என்று பாருங்கள். அடுத்த பிள்ளை வரும்போது அவர்களைத்தான் கூப்பிட வேண்டும்.

என் மகனுக்கு 19 வயது. பெற்ற அம்மாவைத் தேட வேண்டும் என்கிறான். இத்தனை வருஷம் வளர்த்தது என்ன ஆச்சு என்று அழுகையாக வருகிறது.

அழுதுகொள், ஆனால் அவன் எதிரில் வேண்டாம். மோசே பெரியவனானபோது தன் சகோதரரிடத்தில் போனான் என்று யாத்திராகமம் 2 சொல்கிறது. அரண்மனையில் வளர்த்தவள் சரியாக வளர்க்கவில்லை என்பதால் அவன் போகவில்லை. உன் மகனும் உன்னை விட்டுப் போகவில்லை, தன்னைத் தேடிப் போகிறான்.

18 முடிந்ததால் அவனே தத்துவள மையத்துக்கோ காராவுக்கோ எழுதலாம். உன் கையெழுத்து வேண்டியதில்லை. ஒப்படைத்தபோது அந்த அம்மா தன் விவரத்தை ரகசியமாக வைக்கச் சொல்லியிருந்தால் அவர் சம்மதம் இல்லாமல் சொல்ல மாட்டார்கள். கண்டெடுத்த பிள்ளை என்றால் தேதியும் இடமும் மட்டும்தான் கிடைக்கும். இதை முன்பே அவனிடம் சொல்லிவை. உன்னிடம் இருக்கும் கோப்பு, கோர்ட் உத்தரவு, முதல் நாள் போட்டிருந்த சட்டை, எல்லாவற்றையும் எடுத்து அவனிடம் கொடு. கூட வரட்டுமா என்று ஒரு தடவை கேள். வேண்டாம் என்றால் டிக்கெட்டுக்குப் பணம் கொடுத்து, போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணச் சொல்.