மேற்கோள் எண்ணிக்கையை நம்பி ஊசி போடலாமா?

கர்ப்பகால நோயெதிர்ப்பு ஆராய்ச்சி பற்றி எல்லையோர வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் மூன்று இந்த இதழில்.

என் அண்ணிக்கு மூன்று முறை கரு கலைந்துவிட்டது. கோவையில் பார்க்கும் டாக்டரின் விளம்பரத் தாளில் ‘180 கட்டுரைகள், 4,000 சைட்டேஷன், எச்-இண்டெக்ஸ் 32’ என்று இருக்கிறது. அண்ணனின் ரத்தத்திலிருந்து வெள்ளையணுக்களைப் பிரித்து அண்ணிக்கு ஊசியாகப் போடலாம் என்கிறார். இவ்வளவு ஆராய்ச்சி செய்தவர் சொன்னால் நம்பலாம்தானே?
– வாசகி, கொழிஞ்சாம்பாறை

அந்த எண்களை வைத்து ஊசியை நம்பவும் முடியாது, ஒதுக்கவும் முடியாது. எச்-இண்டெக்ஸ் 32 என்றால், அவருடைய 32 கட்டுரைகளை மற்றவர்கள் ஒவ்வொன்றும் 32 முறையாவது மேற்கோள் (சைட்டேஷன்) காட்டியிருக்கிறார்கள் என்று பொருள். 2005-ல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் சொன்ன கணக்கு இது. வருடம் போகப் போக ஏறுமே தவிர இறங்காது. அதனால் சீனியர்களுக்கு எப்போதும் சாதகம். எந்தத் தளத்தில் எடுத்த எண் என்றும் கேளுங்கள். கூகுள் ஸ்காலர் பிஎச்.டி. ஆய்வேடு, கருத்தரங்கத் தாள் எல்லாவற்றையும் சேர்த்து எண்ணும்; ஸ்கோபஸ் என்ற இன்னொரு மேற்கோள் தளம் அவ்வளவு தாராளம் காட்டாது. இரண்டிலும் ஒரே எண் வந்தால்தான் அதிசயம்.

உங்களுக்கு வேண்டியது அந்த ஊசியின் வரலாறு. கருவில் பாதி தந்தையுடையது. அப்படியிருந்தும் தாயின் உடல் அதை ஏன் விரட்டுவதில்லை என்று 1953-ல் பீட்டர் மெடவார் என்ற உயிரியலாளர் கேள்வி எழுப்பினார். கணவரின் அணுக்களைத் தாய்க்கு முன்கூட்டியே பழக்கிவிட்டால் கரு தங்கும் என்ற எண்ணம் பின்னால் வந்தது. 1985-ல் மௌப்ரே என்ற ஆய்வாளரின் குழு ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு சோதனையை வெளியிட்டது. கணவரின் அணுக்களைப் பெற்ற 22 பெண்களில் 17 பேருக்கு வெற்றி, அதாவது கரு தங்கியது; தங்களுடைய அணுக்களையே பெற்ற 27 பேரில் 10 பேருக்குத்தான். ஆராய்ச்சி உலகம் அந்தக் கட்டுரையைத் தூக்கிக் கொண்டாடியது.

1999-ல் அதே லான்செட்டில் கேரல் ஓபர் குழு இன்னும் பெரிய சோதனையின் முடிவைக் கொடுத்தது. கணவரின் அணுக்களை ஊசியாகப் பெற்றவர்களில் 86-க்கு 31 பேர் (36%), வெறும் உப்புநீர் ஊசி பெற்றவர்களில் 85-க்கு 41 பேர் (48%) வெற்றி. ஊசி பலன் தரவில்லை என்பதே முடிவு. 2002-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, அனுமதி பெற்ற ஆய்வுக்கு வெளியே இதைச் செய்யக் கூடாது என்றது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. ‘இந்த முடிவு தவறு’ என்று எழுதுகிற கட்டுரையும் 1985 கட்டுரையைக் குறிப்பிட்டுத்தான் எழுத வேண்டும். அதுவும் மேற்கோள் கணக்கில் ஒன்று கூடும். பாராட்டும் கண்டனமும் ஒரே உண்டியலில்தான் விழுகின்றன.

ஆகவே டாக்டரின் பட்டியலை இப்படிப் பாருங்கள். மருத்துவக் கட்டுரைகளைத் தேடும் பப்மெட் தளம் இலவசம். குடும்பப் பெயரையும் இனிஷியலையும் புள்ளியில்லாமல் தட்டி, கட்டுரை வகையில் ‘ரேண்டமைஸ்டு’ (யாருக்கு எந்தச் சிகிச்சை என்று குலுக்கல் முறையில் பிரித்துச் செய்த சோதனை) என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள். 180-இல் எத்தனை மிஞ்சுகிறது? அவற்றில் அவர் பெயர் முதலிலோ கடைசியிலோ உள்ளவை எத்தனை? மருத்துவக் கட்டுரைகளில் பெரும்பாலும் வேலையைச் செய்தவர் முதலில் வருவார், வழிநடத்தியவர் கடைசியில் வருவார். நடுவில் பதினைந்தாவது பெயராக இருப்பது வேறு சங்கதி. ஆய்வு எலியில் நடந்ததா, பெண்களிடமா என்பதையும் பாருங்கள். இந்தத் துறையில் சிபிஏ இனப் பெண் எலியையும் டிபிஏ இன ஆண் எலியையும் சேர்த்துச் செய்த ஆய்வுகள் ஏராளம்; நன்றாக மேற்கோள் பெறும், ஆனால் உங்கள் அண்ணிக்கு நேரடி விடை தராது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டிருந்தால் பப்மெட் பக்கத்தின் மேலேயே அறிவிப்பு இருக்கும்.

ஊசிக்கு முன் டாக்டரிடம் கேளுங்கள்: லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட், கார்டியோலிபின், பீட்டா-2 கிளைக்கோபுரோட்டீன் எதிர்ப்பொருள் சோதனைகள் (ரத்தத்தை உறைய வைத்துக் கருவைக் கலைக்கக்கூடிய எதிர்ப்பொருள்கள் உண்டா என்று பார்ப்பவை) செய்தாயிற்றா? பாசிட்டிவ் வந்தால் குறைந்தது 12 வாரம் கழித்து மறுபடியும் பார்த்தாரா? உறுதியானால் அடுத்த கர்ப்பத்தில் குறைந்த அளவு ஆஸ்பிரினும், ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினும் கொடுப்பது ஏற்கப்பட்ட வழி. ஒரே ஒரு சோதனையை வைத்து முடிவு கட்டுவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு.

ஒரு டாக்டரின் கட்டுரை வந்த இதழின் இம்பாக்ட் ஃபாக்டர் 4 என்றால் நல்ல கட்டுரைதானே?
– வாசகர், களியக்காவிளை

முந்தைய இரண்டு ஆண்டுகளில் வந்த கட்டுரைகளுக்கு இந்த ஆண்டு கிடைத்த மேற்கோள்களைக் கட்டுரைகளின் எண்ணிக்கையால் வகுத்த சராசரி அது. இதழைப் பற்றியது, அவர் கட்டுரைக்கு ஒரு மேற்கோள்கூட இல்லாமல் போயிருக்கலாம்.

நான் மருத்துவக் கல்லூரி உதவிப் பேராசிரியை. என் கட்டுரைகள் மூன்று பெயர்களில் சிதறிக் கிடக்கின்றன. எப்படி ஒன்று சேர்ப்பது?
– வாசகி, நகரி

நம் எல்லைப் பகுதியில் எல்லோருக்கும் உள்ள தொல்லை. இதழ்களின் படிவம் ‘சர்நேம்’ கேட்கும். செல்வி என்பவர் அப்பா பெயரை அங்கே போட்டால் ‘ராமசாமி எஸ்’ ஆவார். தன் பெயரைப் போட்டால் ‘செல்வி ஆர்’. கல்யாணத்துக்குப் பின் கணவர் பெயர் ஏறினால் மூன்றாம் ஆள். தெலுங்குக்காரர்களுக்கு வீட்டுப் பெயர் முன்னால் வரும். மலையாளிகளுக்கு இனிஷியல் பின்னாலும் நிற்கும். கணினிக்கு இந்த நுணுக்கம் தெரியாது.

ஆய்வாளர் ஒவ்வொருவரையும் தனித்து அடையாளம் காட்டும் ஆர்க்கிட் எண் இலவசமாகக் கிடைக்கும்: 16 இடங்கள், நான்கு நான்காக, கடைசி இடத்தில் ‘எக்ஸ்’ வந்தால் பயப்பட வேண்டாம், அது சரிபார்ப்புக் குறி. பெற்றதும் பழைய கட்டுரைகளை ஒவ்வொன்றாக அதில் சேருங்கள். பிறகு ஸ்கோபஸில் உங்கள் பெயரில் உள்ள எல்லாப் பக்கங்களையும் தேடி, ஒன்றாக்கக் கோரிக்கை அனுப்புங்கள். கூகுள் ஸ்காலரில் ஒரே கட்டுரை இரண்டு வரியாக இருந்தால் இரண்டையும் டிக் செய்து ‘மெர்ஜ்’ கொடுங்கள். அது தானாகச் சேர்க்கும் கட்டுரைகளைக் கட்டாயம் சரிபாருங்கள்; வேறொரு ‘செல்வி ஆர்’ எழுதிய மண்ணியல் கட்டுரை உங்கள் கணக்கில் ஏறினால், பதவி உயர்வுக் குழுவின் முன் விளக்கம் சொல்ல வேண்டியது நீங்கள்தான்.