'சக்கை'க்கு எந்த இணையச் சான்று செல்லும்?

குமரி மாவட்டத்து மார்த்தாண்டம் வட்டாரத்தில் பலாப்பழத்தைச் 'சக்கை' என்கிறார்கள் என்று அகராதியில் சேர்க்க, சான்றாக எட்டு இணைப்பு கொடுத்திருக்கிறீர்கள். அதில் ஐந்து, குமரி வட்டாரச் சொற்பட்டியல்கள். அவை சொல்லைப் பற்றிப் பேசுகின்றனவே தவிர, பயன்படுத்தவில்லை. போதாததற்கு, ஒரே எழுத்துப்பிழை ஐந்திலும் இருக்கிறது. ஒன்றைப் பார்த்து ஒன்று எழுதியவை. தள்ளிவிடுங்கள்.

வெறும் 'சக்கை' என்று தேடினால் கரும்புச் சக்கைதான் வந்து குவியும். "வருக்கைச் சக்கை" (பலாவில் ஒரு வகை), "சக்கைக்குரு" (பலாக்கொட்டை) என மேற்கோள் குறிக்குள் இட்டுத் தேடுங்கள். 'சக்க' என்ற பேச்சு வடிவத்தையும் விடாதீர்கள். மலையாளச் சமையல் பக்கங்களின் இயந்திர மொழிபெயர்ப்பும் இடையில் வரும், கவனம்.

ஒருவரோடொருவர் தொடர்பில்லாத மூவர் எழுதியிருக்க வேண்டும்; முதல் சான்றுக்கும் கடைசிச் சான்றுக்கும் ஓராண்டாவது இடைவெளி வேண்டும். ஆங்கிலச் சொற்களுக்கு ஆங்கில விக்சனரி (யாரும் எழுதக்கூடிய இணைய அகராதி) கேட்பது இதுதான். முகநூல் பதிவு நாளைக்கே காணாமல் போகலாம். பொதுப் பக்கங்களை உடனே வேபேக் மெஷின் என்ற இணையக் காப்பகத்தில் சேமியுங்கள். யூடியூப் என்றால் நிமிடம், நொடியோடு, காதால் கேட்டு எழுதுங்கள்.