அரசு வீடு லிண்டலோடு நின்றுபோவது ஏன்?

வாசகர் கேள்வி – பதில்: கிராமத்தில் வீடு

கேள்வி: கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில் எங்களுக்கு வீடு ஒதுக்கியிருக்கிறார்கள். அரசு தரும் பணத்தோடு கைப்பணமும் கொஞ்சம் போட்டு 500 சதுர அடியாகக் கட்டிவிடலாம் என்கிறார் மேஸ்திரி. செய்யலாமா?
– வாசகி, திருச்சுழி

பதில்: வேண்டாம். கிராமங்களில் சுவர் எழும்பி, கூரை இல்லாமல் நிற்கும் அரசு வீடுகள் பலவற்றின் தொடக்கம் இந்த யோசனைதான்.

2024இல் அறிவிக்கப்பட்ட இத்திட்டத்தில் வீட்டின் அளவு 360 சதுர அடி. அதில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை, மீதி 60க்குத் தீப்பிடிக்காத வேறு கூரை. மதிப்பு 3.5 லட்சம் ரூபாய். இந்தப் பணம் மொத்தமாகக் கைக்கு வராது. அடித்தளம், லிண்டல் (கதவு, ஜன்னலுக்கு மேல் வரும் கான்கிரீட் விட்டம்), கூரை என ஒவ்வொரு கட்டமும் முடிந்து, ஓவர்சியர் (பணி மேற்பார்வையாளர்) வந்து பார்த்துப் படம் எடுத்த பிறகே அந்தக் கட்டத்துக்கான தொகை வங்கிக் கணக்கில் ஏறும். அதாவது முதலில் உங்கள் பணம் போக வேண்டும், அரசுப் பணம் பின்னால் வரும்.

சுவரைப் பணம் வரவர நாலு வரி, ஆறு வரியாக எழுப்பிக்கொள்ளலாம். கூரையை அப்படிப் போட முடியாது. ஒரே நாளில் போட்டு முடிக்காவிட்டால் பழைய கான்கிரீட்டும் புதுக் கான்கிரீட்டும் சேருமிடத்தில் மழைநீர் இறங்கும். ஆகவே சென்ட்ரிங் (கான்கிரீட்டைத் தாங்கும் பலகை, முட்டு) வாடகை, கம்பி, சிமெண்ட், ஜல்லி, எம்-சாண்ட், மிக்சர், ஆள்கூலி எல்லாச் செலவும் ஒரே வாரத்தில் வந்து நிற்கும். நாலரை அங்குலக் கனத்தில் 300 சதுர அடிக் கூரைக்கு ஏறக்குறைய 26 மூட்டை சிமெண்டும் 250 கிலோ கம்பியும் வேண்டும். 500 சதுர அடி என்றால் 43 மூட்டை, சுமார் 420 கிலோ. ஊராட்சி ஒன்றியம் வழியாகத் தரும் சிமெண்டும் கம்பியும் திட்ட அளவுக்குத்தான். மேலே போவதெல்லாம் வெளிக்கடை விலை. கூரைத் தொகையோ கூரை போட்ட பிறகுதான் வரும். இந்த இடைவெளியில்தான் கந்துவட்டி நுழைகிறது. இல்லையென்றால் வேலை நிற்கிறது. ஐப்பசி மழையில் சுவர் ஊறுகிறது, நீட்டி விட்ட கம்பி துருப்பிடிக்கிறது.

செய்ய வேண்டியது இது. அடித்தளச் செலவு முழுவதும் கையில் இருந்தால் மட்டும் வானம் (அடித்தளக் குழி) தோண்டுங்கள். லிண்டல் தொகை வந்ததும் கதவு, பூச்சு, டைல்ஸ் எதிலும் கை வைக்காமல் அப்படியே கூரைக்கு ஒதுக்குங்கள். குறைவதை மகளிர் சுய உதவிக் குழு வழியாக வங்கிக் கடனாக வாங்கப் பாருங்கள். குழுவில் கேட்டு, வங்கியில் கிடைக்க நாளாகும் என்பதால் சுவர் எழும்பும்போதே விண்ணப்பித்துவிட வேண்டும்.

வீடு பிறகு பெரிதாக வேண்டுமென்றால் அதற்கும் இப்போதே வழி உண்டு. விரிவாக்கப் போகும் பக்கத்தில் சுவரைப் பல் விட்டு (செங்கல் நுனிகளை ஒன்றுவிட்டு ஒன்று நீட்டி) கட்டச் சொல்லுங்கள். கூரைக் கம்பியை அதன் குறுக்களவைப் போல் 50 மடங்கு வெளியே விடச் சொல்லுங்கள்; 8 மி.மீ. கம்பிக்கு 40 செ.மீ. அந்த நுனிகளை ஏழைக் கலவையால் (சிமெண்ட் குறைந்த கலவை) மூடிவைத்தால் துரு குறையும்.

முட்டுப் பிரிக்கவும் அவசரப்படாதீர்கள். பத்தடி அகல அறைக்கு 7 நாள் போதும் என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி ஐ.எஸ். 456. ஆனால் இன்று கடையில் பெரும்பாலும் கிடைப்பது சாம்பல் கலந்த பி.பி.சி. சிமெண்ட், அது மெதுவாக இறுகும். 10 நாள் முட்டு நிற்கட்டும், அந்த 10 நாளும் பாத்தி கட்டித் தண்ணீர் நிற்கட்டும்.

கேள்வி: இடம் தாத்தா பெயரில் இருக்கிறது. பட்டா இல்லை என்று அரசு வீட்டுப் பட்டியலில் என் பெயரை நிறுத்திவைத்திருக்கிறார்கள். என்ன செய்வது?
– வாசகர், உளுந்தூர்பேட்டை

பதில்: முதலில் தமிழ்நிலம் இணையதளத்தில் அல்லது இ-சேவை மையத்தில் சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் மூன்றையும் எடுத்துப் பாருங்கள். இடம் நத்தமா (ஊர்க் குடியிருப்பு நிலம்), பட்டா நிலமா, புறம்போக்கா என்பது அதில் தெரியும். நீர்நிலைப் புறம்போக்கு என்றிருந்தால் அலைவது வீண். வீட்டுமனைப் பட்டா கேட்டு வேறு இடத்துக்கு வட்டாட்சியரிடம் மனு கொடுங்கள்.

தாத்தா பெயரிலான பட்டா என்றால் வாரிசுச் சான்று வாங்கி, எல்லா வாரிசுகளும் கையெழுத்திட்டுப் பாகப்பிரிவினைப் பத்திரமோ, உங்களுக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரமோ பதிய வேண்டும். 2023 ஜூலை உயர்வுக்குப் பிறகு குடும்பத்துக்குள் எழுதும் இந்தப் பத்திரங்களுக்கு முத்திரைத் தீர்வையின் உச்சவரம்பு 40,000 ரூபாய், பதிவுக் கட்டணத்தின் உச்சவரம்பு 10,000. கிராமத்து மனையின் வழிகாட்டி மதிப்புக்குப் பெரும்பாலும் அவ்வளவு வராது. பதிந்த பிறகு உட்பிரிவு செய்து தனிப்பட்டாவுக்கு விண்ணப்பியுங்கள். தாமதம் நேர்வது பெரும்பாலும் இங்கேதான், சர்வேயர் அளக்க வரும் நாளுக்காக. வெளியூரிலோ வெளிநாட்டிலோ வாரிசு ஒருவர் இருந்தால் அவரிடம் பொது அதிகாரப் பத்திரத்தை இன்றே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எங்கள் ஊர் முழுக்கக் கரிசல். புதிதாகக் கட்டிய வீடுகள்கூட இரண்டே கோடையில் வெடிக்கின்றன. குறைந்த செலவில் அடித்தளம் எப்படிப் போடுவது?
– வாசகர், எட்டயபுரம்

பதில்: கரிசல் மண் மழையில் உப்பிப் பெருகும், கோடையில் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கும். மூன்றடி ஆழத்துக் கடைக்கால் (அடித்தளச் சுவர்) அதோடு சேர்ந்தே ஏறி இறங்குவதால்தான் சுவர் பிளக்கிறது.

முதலில் மனையின் இரண்டு மூலைகளில் ஆறடிக் குழி தோண்டிப் பாருங்கள். நாலடிக்குள் சுக்கான் (கெட்டியான சுண்ணாம்புப் படிவம்) தட்டினால் கவலை இல்லை, அதன் மேலேயே கடைக்காலை உட்கார வைக்கலாம். ஆறடியிலும் கரிசலே என்றால் நம்பகமானது குமிழ் வைத்த பைல்தான் (மண்ணுக்குள் ஆழமாக இறக்கும் கான்கிரீட் தூண்); ரூர்க்கியிலுள்ள மத்திய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வளர்த்தெடுத்த முறை. பொதுவாக மூன்றரை மீட்டர் ஆழம், 25 செ.மீ. விட்டம், அடியில் அதைப்போல் இரண்டரை மடங்கு அகலக் குமிழ். மூலைகளிலும் சுவர்கள் சேரும் இடங்களிலும் கட்டாயம் ஒவ்வொன்று வேண்டும். மேலே ஓடும் பீமுக்கும் மண்ணுக்கும் நடுவே 8 செ.மீ. இடைவெளி இருக்க வேண்டும். அதை அடைத்துவிட்டால் உப்பும் மண் பீமைத் தூக்கிவிடும். கம்பி அளவை ஒன்றியப் பொறியாளரிடம் எழுதி வாங்குங்கள்.

குமிழ் வெட்டும் கருவி கிடைக்காத ஊரில், அடுத்த நிலையாக, வானத்தை ஐந்தடிக்கும் கூடுதல் ஆழமாக இறக்கி, மணலும் சரளையும் கலந்து அரையடி அரையடியாகத் தண்ணீர் விட்டு இடித்து நிரப்பி, அதன் மேல் கடைக்கால் கட்டி, பேஸ்மென்ட் மட்டத்தில் பெல்ட் கான்கிரீட் சுற்றிவர ஓட்டுங்கள்.

பலரும் செய்யும் தவறு ஒன்று: தோண்டிய கரிசலையே பேஸ்மென்டுக்குள் கொட்டி நிரப்புவது. வண்டிச் செலவு மிச்சம்தான், ஆனால் சுவர் நின்றாலும் தரை வெடிக்கும். செம்மண்ணோ சரளையோ வெளியிலிருந்து வர வேண்டும். வீட்டைச் சுற்றி மூன்று, நான்கடிக்குச் சரிவான சிமெண்டுத் தளம் போடுங்கள். குளியலறைத் தண்ணீர் சுவரோரம் தேங்கக் கூடாது. வேப்ப மரம் அதன் உயரத்தளவாவது தள்ளி நிற்கட்டும்.

கேள்வி: செங்கல் செலவைக் குறைக்க எலிப்பொறிக் கட்டு நல்லதா?
– வாசகி, மணப்பாறை

பதில்: நல்லது. கல்லைக் குத்துவாட்டில் வைத்து நடுவே காலி விடுவதால் ஒன்பது அங்குலச் சுவரில் சுமார் 25 சதவீதம் கல் மிச்சம், கலவையும் குறையும், வெயிலும் உள்ளே அதிகம் இறங்காது. கல் ஒரே அளவாக இருப்பது அவசியம். நாட்டுக்கல்லில் வராது, சேம்பர் சூளையில் சுட்ட கல் வேண்டும். முதல் வரி, ஜன்னல் அடி, லிண்டலுக்குக் கீழ் வரி, கதவோரம் ஆகியவற்றைக் கெட்டியாகவே கட்டுங்கள். தொடங்கும் முன் ஓவர்சியரின் சம்மதத்தைப் பெற்றுவிடுங்கள். கட்டிய பிறகு அவர் மறுத்தால் லிண்டல் தொகை நின்றுபோகும்.