திருவிழாச் சாம்பிராணி: கிலோ 2,400 ரூபாய் கொடுக்கலாமா?

கேள்வி: அண்ணாச்சி, வள்ளியூர்ப் பக்கம் எங்கள் கத்தோலிக்கப் பங்குக் கோயிலில் பத்து நாள் திருவிழா. கணக்கு என் பொறுப்பு. போன வருஷம் கிலோ 600 ரூபாய் என்று 2 கிலோ சாம்பிராணிப் பொடி வாங்கினோம். பாடகர் குழுவே இருமித் தள்ளியது. இப்போது ஒரு கடையில் கட்டிச் சாம்பிராணி கிலோ 2,400 சொல்கிறார்கள். ‘புராட்டஸ்டன்ட்காரர்களின் சி.எஸ்.ஐ. கோயிலில் இந்தச் செலவே கிடையாது, நிறுத்திவிடுவோம்’ என்கிறார் பங்குப் பேரவையில் ஒருவர். என்ன செய்ய?

பதில்: திருப்பலியில், அதாவது பூசையில், தூபம் கட்டாயம் இல்லை, விரும்பினால் எந்தத் திருப்பலியிலும் காட்டலாம் என்பதுதான் விதி. ஆனால் நற்கருணை அப்பத்தைக் கதிர்ப்பாத்திரம் என்ற கதிர் வடிவப் பாத்திரத்தில் வைத்து நற்கருணை ஆசீர் கொடுக்கும்போது தூபம் சடங்கோடு சேர்ந்தது. அப்புறம், சாம்பிராணிப் புகை இல்லாமல் சப்பரம் கிளம்பினால் ஊர் உங்களைச் சும்மா விடுமா?

எனக்குப் புரியாதது அந்த 2 கிலோதான். தூபக்கலசத்தோடு (சாம்பிராணி போட்டு ஆட்டும் சங்கிலிப் பாத்திரம்) வரும் சின்னக் கரண்டியில் எவ்வளவு பிடிக்கிறது என்று நிறுத்துப் பார்த்தேன். 3 கிராம்தான் பிடித்தது. ஒரு ஆசீருக்கு இரண்டு தடவை, தடவைக்கு இரண்டு கரண்டி என்றால் 12 கிராம். தினம் ஒரு ஆசீர் என்றால் பத்து நாளுக்கு 120. திருவிழாத் திருப்பலிக்கும் சப்பரத்துக்கும் இன்னொரு 100 வையுங்கள். கால் கிலோ போதும். 600 ரூபாய்! போன வருஷச் செலவில் பாதி.

பொடியில் மரத்தூளும் மலிவான பைன் பிசினும் கலப்பது லேசு. கனலில் போட்டால் கரும்புகையும் டர்பன்டைன் வாடையும் வந்தால் சந்தேகப்படுங்கள். 1984இல் ரோமில் வெளியான ஆயர்களுக்கான சடங்கு நூலே, கலசத்தில் இடுவது சுத்தமான நறுமணத் தூபமாக இருக்கட்டும், எதையாவது சேர்த்தாலும் தூபமே அதிகம் இருக்கட்டும் என்கிறது.

கட்டியிலும் ரகம் உண்டு. நம் கடைகளில் சாம்பிராணி என்றால் பெரும்பாலும் சுமத்ரா பக்கத்து மரப்பிசின். குழந்தை இயேசுவுக்கு மூன்று ஞானிகள் கொண்டுவந்தது வேறு. அது அரேபியா, சோமாலியாப் பக்கத்து மரம். 2,400 எதற்கு என்று கேளுங்கள். இரண்டாவது என்றால், ஒரு துண்டைத் தண்ணீர் விட்டுத் தேய்த்தால் பால் போல வெளுக்கும். முதல் ரகம் அப்படிக் கரையாது. கோயிலுக்கு இரண்டும் சரிதான். இரண்டாவதன் விலையைக் கொடுத்து முதலாவதை வாங்கிவிடாதீர்கள்.

இருமலுக்குப் பாதிக் காரணம் கரியாகவும் இருக்கலாம். தீக்குச்சி காட்டியதும் பொரிந்து பற்றும் வட்டக் கரியில் வெடியுப்பு உண்டு. அது அடங்குமுன் சாம்பிராணி போட்டால் தொண்டை கமறும். சிரட்டைக் கரி போதும், காசும் மிச்சம். மேலே சாம்பல் பூத்த பிறகே போடும்படி கோயில் வேலை பார்க்கும் கோயில்பிள்ளையிடம் சொல்லுங்கள்.

முதலில் 50 கிராம் வாங்கி ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்துவிடுங்கள். பில் கேளுங்கள். பாக்கெட் என்றால் எடை, விலை, மாதம், தயாரித்தவர் முகவரி இருக்க வேண்டும். இல்லையென்றால் நுகர்வோர் உதவி எண் 1915க்குப் புகார் செய்யலாம். மிச்சத்தை இறுக்கமான டப்பாவில் வையுங்கள், பாஸ்காவுக்கு (ஈஸ்டர்) ஆகும்.