எச்சிலைச் சோதித்தால் காசநோய் தெரியாது

கேள்வி: என் மகளுக்கு 23 வயது. மூன்று வாரமாக இருமல், மாலையில் காய்ச்சல்; எடையும் குறைகிறது. மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையில் காய்ச்சல் சற்று விட்டது. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை என்று வந்தது. பெண்களுக்குக் காசநோய் குறைவு என்று இணையத்தில் படித்தேன். முடியும் கொட்டுகிறது. வரன் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பதில்: கடைசி வரிக்காகத்தான் கடிதமே எழுதியிருக்கிறீர்கள். காசநோயாகவே இருந்தாலும், வழக்கமான மருந்துக்குக் கட்டுப்படும் சாதாரண வகை ஆறு மாத மருந்தில் குணமாகும். கல்யாணம் நின்றுபோக வேண்டியதில்லை. முடி உதிர்வதை இப்போது விடுங்கள்.

இரண்டு வாரம் தாண்டிய இருமல், கூடவே மாலைக் காய்ச்சல், எடைக் குறைவு. இதை ஒரு சோதனைத் தாளை நம்பி ஒதுக்க முடியாது. டப்பாவில் அவள் எதைத் துப்பினாள்? சுற்றி ஆட்கள் நிற்க, காறித் துப்பக் கூச்சப்பட்டு, துப்பட்டாவால் வாயை மறைத்துக்கொண்டு கொஞ்சம் எச்சிலைக் கொடுத்துவிட்டு வரும் பெண்கள்தான் அதிகம். நுரையாக, தண்ணீராக இருந்தால் அது எச்சில். கிருமி இருப்பது நெஞ்சுச் சளியில்.

பாகிஸ்தானின் ராவல்பிண்டியில் நடந்த ஆய்வு ஒன்று 2007இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளிவந்தது. சளி எடுக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்தார்கள், அவ்வளவுதான். சொல்லிக்கொடுக்காத பெண்களில் 100க்கு 8 பேருக்குக் கிருமி தெரிந்தது. சொல்லிக்கொடுத்தவர்களில் 13 பேருக்கு. ஆண்களிடம் அப்படிப் பெரிய வித்தியாசம் இல்லை. காசநோய் ஆண்களுக்கு அதிகம் என்பது உண்மைதான். உங்கள் மகளுக்கு வராது என்று அதற்கு அர்த்தமா?

காலையில் எழுந்ததும் வெறும் தண்ணீரில் வாய் கொப்பளிக்கட்டும். இரண்டு மூன்று முறை மூச்சை ஆழமாக இழுத்து விட்டு, அடிநெஞ்சிலிருந்து இருமட்டும். மொட்டை மாடியில் தனியாக எடுத்தால் கூச்சமும் இருக்காது, பிறருக்கும் நல்லது. கெட்டியான சளி இரண்டு மில்லியாவது வேண்டும். அரசு மருத்துவமனையில், சளியில் கிருமியின் மரபணுவைத் தேடும் ட்ரூநாட் அல்லது சிபிநாட் சோதனையும் நெஞ்சு எக்ஸ்ரேயும் கேளுங்கள், இலவசம்தான். நுண்ணோக்கியில் தப்பும் கிருமியும் இந்த மரபணுச் சோதனையில் பிடிபடும்.

கடை மாத்திரையின் பெயரை எழுதவில்லை. லீவோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக்காக இருந்தால், காசநோயைக் குணமாக்காமல் சில நாள் அடக்கி மட்டும் வைத்திருக்கும், கண்டுபிடிப்பதும் தள்ளிப்போகும். இன்றே நிறுத்திவிட்டு, அட்டையை மருத்துவரிடம் காட்டுங்கள். சளியில் ரத்தம் கண்டால் அன்றே கிளம்புங்கள்.

நோய் உறுதியானால் தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்காதீர்கள். இது காற்றில் பரவுவது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். வீட்டில் மற்றவர்களும், நீங்கள் உட்பட, சோதனை செய்துகொள்ள வேண்டும்.